இரண்டு கோடுகளும் கீழேதான் இறங்கின

அன்புள்ள ஜெரி,

நேற்று காலை பதினொன்று நாற்பதுக்கு உன் துறை மேடம் எனக்குப் போன் செய்தார். நான் பிளான்ட் வொர்க் ஷாப்பில் ஒரு பிரஷர் கேஜைக் கழற்றி மேசையில் வைத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். "சார், ஜெரி டி.சி. கேட்டு எழுதிக் கொடுத்திருக்கான், உங்களுக்குத் தெரியுமா?" என்றார். தெரியாது என்றேன். "வெள்ளிக்கிழமை கிளாஸ்ல அவன் ஒரு ஆராய்ச்சிக் கட்டுரைய எடுத்துச் சொல்லணும். இனிமே எதையும் படிக்க மாட்டேன், தப்பா படிச்சுத்தான் எங்க அம்மாவ ஏமாத்திட்டேன்னு சொல்றான். எனக்கு ஒண்ணும் புரியல சார்." எனக்குப் புரிந்தது. வெள்ளிக்கிழமை மாலை வரை உன் கடிதத்தைத் தன் மேஜை டிராயரிலேயே வைத்திருப்பதாகவும், அதற்குப் பிறகு ஆபீசுக்கு அனுப்பித்தான் ஆகவேண்டும் என்றும் சொன்னார். போனை வைத்துவிட்டு மறுபடி கேஜைப் பார்த்தேன். முள் சரியான இடத்தில்தான் நின்றது. சரி என்று எழுதி டேகை மாட்டினேன். அம்மா போனதிலிருந்து எனக்கு எல்லாம் இப்படித்தான் நடக்கிறது. கை தன் வேலையைச் செய்கிறது. நான் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கிறேன். குழம்பில் உப்பு இருக்கிறதா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை. ஆக்சிஜன் மெஷினைத் திருப்பிக் கொடுத்த பிறகு வீட்டில் அந்த இரைச்சல் இல்லாமல் உட்கார முடியவில்லை, றெக்கை வளைந்த பழைய டேபிள் ஃபேனை எடுத்து ஓடவிட்டிருக்கிறேன். ஆனால் நேற்று அந்தப் போனுக்குப் பிறகு, ரொம்ப நாள் கழித்து, ஒன்று மட்டும் தெளிவாக வேண்டும் என்று தோன்றியது. நீ படிப்பை விடக்கூடாது. இந்தக் கடிதம் அதற்காகத்தான்.

நீ மாத்தூரில் மாமா வீட்டில் இருப்பதும், மாமாவோடு கன்டெய்னர் யார்டுக்கு வேலைக்குப் போவதும் எனக்குத் தெரியும். முப்பதாம் நாள் பூசை முடிந்து சாப்பிடும்போது அந்த மேரி பெரியம்மா என் இலைக்கு முன்னால் வந்து உட்கார்ந்து, "இன்னா வயசு ஆவுது ஒனக்கு? நாப்பத்தி மூணா? இன்னும் வயசு கீதுப்பா, யோசி" என்று சொன்னபோது நீ பாதிச் சோற்றில் எழுந்துபோனதைப் பார்த்தேன். அன்று சாயங்காலமே பையை எடுத்துக்கொண்டு, "கொஞ்ச நாள் மாமா வூட்ல இருக்கேன் நைனா, காலேஜ் லீவு" என்றாய். பெரியம்மா பேச்சுதான் காரணம் என்று நினைத்தேன். அவளுக்கு என் பதில் என்ன என்று நீ கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். நான் எதையும் யோசிக்கவில்லை, யோசிக்கிற இடத்தில் இப்போது ஒன்றுமே இல்லை. ஆனால் நீ போனது அதற்காக இல்லை என்று மேடம் சொல்லித்தான் தெரிந்தது. அம்மாவுக்குக் கொடுத்த மாத்திரையைப் பற்றிய கட்டுரையை நீ வீட்டில் படித்துச் சொன்னாயே, அதைத்தான் இத்தனை நாளாகச் சுமந்துகொண்டு திரிகிறாய்.

அந்த நாளை நீ எப்படி நினைவில் வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. நானும் அங்கேதான் இருந்தேன், நான் பார்த்ததைச் சொல்கிறேன். அம்மாவின் நுரையீரல் நார் நாராக இறுகிக்கொண்டே போகிறது என்று டாக்டர் சொல்லி, புது மாத்திரை எழுதிக் கொடுத்தார். வெளியே அத்தனை கூட்டம், "போட்டுப் பாப்போம்" என்பதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் நீ லேப்டாப்பைத் திறந்து அந்த மாத்திரையைப் பற்றிய கட்டுரையைத் தேடி எடுத்தாய். காலேஜில் அப்போதுதான் சாட்பாட் வைத்துக் கட்டுரை படிக்கச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்திருந்தார்கள். அம்மா ஜன்னல் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்து, துணிக்கடை வேலைக்குக் கட்டிக்கொண்டு போகும் சேலையைக்கூட மாற்றாமல், உன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடா சொல்றான் உன் தோஸ்து?"

"இரும்மா, இன்னும் கேக்கவே இல்ல."

"கேக்கறதுதான் கேக்கற, எனக்குப் பயம் வராத மாதிரி சொல்லச் சொல்லு அவன. டாக்டரு மாதிரி பெருசு பெருசா எதுனா சொன்னான், லேப்டாப்ப தூக்கிக் கடல்ல கடாசிடுவேன்."

நான்கூடச் சிரித்தேன். நீயும் சிரித்துக்கொண்டே, இதைப் பயந்துபோயிருக்கிற ஒரு நோயாளிக்கு, பயம் வராதபடி, எளிமையாக, நாலைந்து வரியில் சொல் என்று தட்டினாய். அது சொன்னது. மாத்திரை சாப்பிடாதவர்களோடு ஒப்பிட்டால், சாப்பிட்டவர்களின் மூச்சுத் திறன் நன்றாகக் காக்கப்பட்டது என்று எழுதியிருந்தது. நீ அதைப் படித்துவிட்டு நிமிர்ந்து, "மூச்சு நல்லா ஆயிடும்மா, பேப்பர்லயே போட்டுகீது" என்றாய். அம்மா உடனே தூத்துக்குடியில் இருக்கும் சித்திக்குப் போன் போட்டாள். "ஞானஸ்நானத்துக்கு நா வர்ல லில்லி. இப்ப வந்தா உன் வூட்லயும் இருமிக்கினே கெடப்பேன். தேறிட்டு பொங்கலுக்கு வந்து ஒரு மாசம் தங்குறேன், உன் புள்ளைய நாந்தான் குளிப்பாட்டுவேன் பாத்துக்கோ." அதற்கப்புறம் தூத்துக்குடி வரை போகிற மூச்சு அவளுக்குத் திரும்பவே இல்லை. சித்தியின் குழந்தையை அவள் போனில்தான் பார்த்தாள். நீ ஏமாற்றிவிட்டேன் என்று சொல்வது இதைத்தானே?

போன ஞாயிற்றுக்கிழமை, மேடம் கூப்பிடுவதற்கு முன்பே, நான் அந்தக் கட்டுரையை எடுத்தேன். பாசத்தில் எடுக்கவில்லை. யார் மேலாவது கோபப்பட வேண்டும் போல இருந்தது, யாரும் அகப்படவில்லை. டாக்டர் மேல் வரவில்லை, கடவுள் மேலும் வரவில்லை. அந்தச் சாட்பாட்டையாவது கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று பூசை முடிந்து நேராகக் கல்மண்டபம் ஜெராக்ஸ் கடைக்குப் போய், நீ எப்போதோ எனக்கு அனுப்பிவைத்திருந்ததை முழுசாகப் பிரிண்ட் போட்டேன். கடைக்காரர் தாளைப் புரட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், ஞாயித்துக்கெழம பரீட்சையா? ஒரே இங்கிலீஷா கீது."

"பையன் படிச்சது."

"பையன் படிக்கட்டும் சார், நீ இன்னாத்துக்குப் பேஜார் பண்ணிக்கினு?"

காசைக் கொடுத்துத் தாளை வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து மேசையில் பரப்பி உட்கார்ந்தேன். முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டேன். நான் இங்கிலீஷில் மேனுவல் படிக்கிறவன், டிரான்ஸ்மிட்டர் புத்தகம் எதைக் கொடுத்தாலும் படித்துவிடுவேன். இது வேறு. ஒரு வாக்கியத்தில் எனக்குத் தெரியாத சொல் நாலு இருந்தது. வேறு வழியில்லாமல், யாரைப் பிடிக்கப் போனேனோ அதனிடமே போனில் கேட்டேன். பிளாசிபோ என்றால் என்ன? மருந்தே இல்லாத, பார்க்க மட்டும் அதே மாதிரி இருக்கிற மாத்திரை என்றது. ஏன் அதைக் கொடுக்கிறார்கள்? பதில் சொன்னது. இந்த எண்ணுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இரண்டு எண் ஏன் இருக்கிறது? அதற்கும் சொன்னது, கேஜில் பிளஸ் மைனஸ் பிழை சொல்வோமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி என்று எனக்குப் பிடிபட்டது. அரை நாள் கேட்டேன். ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்டேன். ஒரு தடவைகூட அது முகம் சுளிக்கவில்லை. ராயபுரத்தில் ஒரு பையன் சந்தேகம் வந்தால் கேட்பதற்கு அவன் தெருவில் யார் இருக்கிறார்கள் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். மேடமும் அதைத்தான் சொன்னார். "இத தடை பண்ணிட்டா, சின்ன வயசுலேர்ந்து இங்கிலீஷ்லயே படிச்ச நாலு பேருக்கு மட்டும்தான் சார் கட்டுரை புரியும். மத்தவங்க வாசல்லயே நிப்பாங்க." நீ அவரிடம், அந்தச் சனியனை இனித் தொடவே மாட்டேன் என்றாயாம். தொடாமல் இருப்பது ஒரு பெரிய காரியம் இல்லை ஜெரி. ஒரு கேஜ் தப்பாகக் காட்டினால் நாங்கள் கேஜே வேண்டாம் என்று கண்ணை மூடிக்கொண்டு பிளான்ட்டை ஓட்டுவதில்லை.

நாலாவது பக்கத்தில் அந்தப் படம் இருந்தது. இரண்டு கோடுகள். ஒன்று மாத்திரை சாப்பிட்டவர்கள், இன்னொன்று சாப்பிடாதவர்கள். நாள் போகப் போக மூச்சுத் திறன் எப்படி மாறுகிறது என்று போட்டிருந்தார்கள். இரண்டு கோடுகளும் கீழேதான் இறங்கின. சாப்பிடாதவர்களுடையது வேகமாக, சாப்பிட்டவர்களுடையது கொஞ்சம் மெதுவாக. மேலே ஏறுகிற கோடு அந்தக் கட்டுரையில் எங்கேயும் இல்லை. நான் கண்ட்ரோல் ரூமில் தினமும் இந்த மாதிரிக் கோட்டைப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவன். ஒரு டேங்கின் அளவு இப்படி இறங்கினால், நல்லா இருக்கு என்று ஷிஃப்டில் ஒருத்தனும் சொல்லமாட்டான், இறங்குகிற வேகம் குறைந்திருக்கிறது என்றுதான் சொல்வான். அன்றைக்கு நீ படித்துச் சொன்னபோது, எங்கே அந்தப் படத்தைக் காட்டு என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஒரே பார்வையில் எனக்குத் தெரிந்திருக்கும். நான் கேட்கவில்லை. கேட்காததற்கு உன்னைப் போல எனக்கும் காரணம் இருந்தது, நல்ல செய்தியைக் குறுக்குக் கேள்வி கேட்க எனக்கு மனசு வரவில்லை. இன்னொன்றும் பார்த்தேன். யார் யாரை அந்த ஆராய்ச்சியில் சேர்த்தார்கள் என்று ஒரு பத்தி இருந்தது. மூச்சு அளவு ஒரு எல்லைக்குக் கீழே இருப்பவர்களைச் சேர்க்கவே இல்லை. மாத்திரை எழுதிக் கொடுத்த சமயத்தில் எடுத்த அம்மாவின் ரிப்போர்ட்டை வைத்துப் பார்த்தேன். அவள் அந்த எல்லைக்குக் கீழே இருந்தாள். அவளைப் போன்றவர்களுக்கு அது என்ன செய்யும் என்று அந்தக் கட்டுரைக்கே தெரியாது.

ஆக, நான் பிடிக்கப்போன ஆள் பிடிபடவில்லை. சாட்பாட் பொய் சொல்லவில்லை. கேட்டபடி கொடுத்தது. பயத்தை எடுத்துவிட்டுச் சொல் என்று நாம் மூன்று பேரும் உட்கார்ந்து கேட்டோம், அது எடுத்துவிட்டுச் சொன்னது. பயத்தோடு சேர்ந்து அந்த இரண்டு கோடுகளும் போய்விட்டன. கேள்வியிலேயே பதிலை வைத்துக் கேட்டால் மனுஷன்கூட அதைத்தான் திருப்பிக் கொடுப்பான். அந்தக் கேள்வியைத் தட்டியது உன் விரல், சொல்லிக்கொடுத்தது அம்மா, சிரித்தது நான். நீ மட்டும் தனியாக அதை எடுத்துக்கொண்டு மாத்தூருக்குப் போக உனக்கு உரிமை இல்லை.

இப்போது உனக்குத் தெரியாத ஒன்று. ஆஸ்பத்திரியில் ஒரு மத்தியானம், நீ டீ வாங்கக் கீழே போயிருந்தாய். நான் அவளிடம் கேட்டேன், சித்தி வீட்டுக்கு அப்போதே போயிருக்கலாமோ என்று. மாஸ்க்கைக் கொஞ்சம் தள்ளிவிட்டுப் பேசினாள், நர்ஸ் பார்த்தால் திட்டுவாள் என்று வாசலைப் பார்த்துக்கொண்டே.

"போயிருந்தா மட்டும்? மாடிப்படி ஏற முடியாம லில்லி வூட்டு வாசல்லயே குந்திகினு இருந்திருப்பேன். எனக்குத் தெரியாதா இன்னா? மூச்சு எனக்குத்தானே வாங்குது."

"அப்ப அவன் சொன்னத நம்பல நீ?"

"நம்புனேன், நம்பாம இருந்தேன், ரெண்டுந்தான். அவன் அன்னிக்கு டாக்டரு கணக்கா நிமிந்து உக்காந்து சொன்னான் பாரு, அத்த பாத்துக்கினே இருக்கலாம் போல இருந்துச்சு. இத அவங்கிட்ட சொல்லி வைக்காத, தலக்கனம் ஏறிடும்."

சொல்லாமல்தான் இருந்தேன். இன்றைக்குச் சொல்கிறேன், ஆனால் இதை வைத்து நீ தப்பித்துக்கொள்ளக்கூடாது. அம்மாவுக்கு உன் மேல் குறை இல்லை என்பது ஒன்று. நீ தப்பாகப் படித்தாய் என்பது வேறு. முதலாவது இரண்டாவதை அழித்துவிடாது. அவளுக்கு அவள் மூச்சே உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது, அதனால் நீ படித்ததை அவள் முழுசாக நம்பியிருக்கத் தேவையில்லை. நாளைக்கு நீ படித்துச் சொல்வதை மட்டுமே நம்பி ஒருத்தர் உட்கார்ந்திருப்பார். அவருக்காகத்தான் நீ சரியாகப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். தப்பாகப் படித்தவன் படிப்பதை நிறுத்திவிட்டால், அந்தத் தப்பிலிருந்து யாருக்கும் ஒரு பிரயோஜனமும் கிடையாது.

எப்படிப் படிப்பது என்பதற்கு எனக்குத் தெரிந்தது எங்கள் பிளான்ட் வழிதான். ஒரு குழாய் லைனைத் திறந்து கருவியைக் கழற்றுவதற்கு முன்னால் ஆபரேட்டரிடம் பர்மிட் வாங்க வேண்டும். என்ன செய்ய வேண்டும் என்று அவர் நமக்கு விளக்கமாட்டார். "நீ இன்னா பண்ணப் போற, சொல்லு" என்பார். வேலை செய்கிறவன் தன் வாயால் சொல்ல வேண்டும், எந்த வால்வை மூடுவேன், உள்ளே அழுத்தம் இல்லை என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வேன் என்று. தப்பு இருந்தால் அவர் திருத்துவார். சேர்ந்த புதிதில், அதெல்லாம் பர்மிட்டிலேயே எழுதியிருக்கிறதே என்று நான் சொன்னதற்கு, என் வயசே ஆன ஆபரேட்டர் ஒருத்தன், "பேப்பருக்குத் தெரியும் மாமு. உனக்குத் தெரியுமா?" என்று திருப்பி அனுப்பிவிட்டான். ரொம்பக் கடுப்பாக இருந்தது. வீட்டில் வந்து சொன்னேன், தப்பு செய்துவிட்டேன். அன்றிலிருந்து உன் அம்மா என்னைக் காசிமேட்டுக்கு மீன் வாங்க அனுப்பும்போதெல்லாம் வாசலில் நிறுத்தி, "இன்னா மீனு, செவுளு எப்டி இருக்கணும், சொல்லிட்டுப் போ" என்று பர்மிட் போட ஆரம்பித்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் படத்தைப் பார்த்த பிறகு நான் சாட்பாட்டை அந்த ஆபரேட்டர் இடத்தில் உட்காரவைத்தேன். நீ சொல்லாதே, நான் சொல்கிறேன், எங்கே தப்பு என்று மட்டும் பார் என்றேன். எனக்குப் புரிந்ததைத் தமிழும் இங்கிலீஷும் கலந்து எழுதினேன். இரண்டு இடத்தில் நான் தப்பு என்றது, இரண்டையும் தாளில் தேடிப் பார்த்தேன். ஒன்று உண்மையிலேயே என் தப்பு. இன்னொன்றுக்கு அது சொன்ன திருத்தம் கட்டுரையில் எங்கேயுமே இல்லை. எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்டேன், உடனே மன்னிப்புக் கேட்டது. அவ்வளவு வேகமாக மன்னிப்புக் கேட்கிற பழக்கம் நம் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது. நான் சொல்ல வருவது இதுதான். அதைச் சுருக்கித் தரச் சொல்லாதே, தெரியாத சொல்லைக் கேள். படத்தை முதலில் நீயே பார். நீ புரிந்துகொண்டதை அதனிடம் சொல், அது திருத்தினால் அந்தத் திருத்தத்தைத் தாளில் விரல் வைத்துத் தேடு, இல்லை என்றால் தூக்கிப் போடு. மேடமும் கிட்டத்தட்ட அதற்குத்தான் வந்திருக்கிறார். ஆரம்பத்தில் எல்லோரும் சுருக்கத்தைக் கொண்டுவந்து படித்தார்களாம், வகுப்பு முழுவதும் ஒரே குரல், படத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டால் தலையைச் சொறிந்தார்களாம். இப்போது படத்தைப் போர்டில் போட்டுத்தான் தொடங்க வேண்டும், சாட்பாட் சொன்னது எது, கட்டுரை சொன்னது எது என்று பிரித்துச் சொல்ல வேண்டும் என்று வைத்திருக்கிறார்.

வெள்ளிக்கிழமை நீ சொல்லப்போவது இந்தக் கட்டுரையைத்தான். நான் மேடத்திடம் கேட்டுவிட்டேன், சம்மதித்துவிட்டார். உனக்குக் கோபம் வரும், வரட்டும். வேறு ஏதாவது சுலபமான கட்டுரையைச் சொல்லிவிட்டு வந்தால், இதைத் தொடப் பயந்துகொண்டே மிச்ச வருஷமெல்லாம் படிப்பாய். அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தையும் நீ அங்கே சொல்ல வேண்டியதில்லை. அந்தப் படத்தைப் போட்டு, இரண்டும் இறங்குகிறது, ஒன்று மெதுவாக இறங்குகிறது, யாருக்கு என்றால் இன்னின்னாருக்கு, மற்றவர்களுக்குத் தெரியாது என்று சொல். போதும். குரல் நடுங்கினால் நடுங்கட்டும், சொல்வது சரியாக இருக்க வேண்டும். நான் தனியாக இருக்கிறேனே என்று மட்டும் காரணம் சொல்லாதே. நான் தனியாகத்தான் இருக்கிறேன், நீ கன்டெய்னர் எண்ணிக்கொண்டிருந்தால் அது குறையப்போவதில்லை.

இன்று புதன்கிழமை, லீவு போட்டிருக்கிறேன். யார்டுக்குப் போகும் வழியில் மாமாவை இங்கே வரச் சொல்லியிருக்கிறேன், கடிதத்தை அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன், மதியத்துக்குள் உனக்குக் கிடைத்துவிடும். கிடைத்ததும் பஸ் ஏறி வீட்டுக்கு வா. கட்டுரை மேசையில் இருக்கிறது, உனக்கும் சேர்த்துச் சோறு வைத்திருக்கிறேன், உப்பை நீதான் பார்க்க வேண்டும். எனக்கு எதிரில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து உன் வாயால் சொல். நான் குறுக்கே கேட்பேன், எனக்குத் தெரியாததையும் கேட்பேன். முடியாது நைனா என்று போனில் சொல்வது உனக்குச் சுலபம், அதைக் கேட்டதும் சரிப்பா என்று இளகிப்போவது எனக்கு அதைவிடச் சுலபம். அந்த வழியை இரண்டு பேருக்கும் மூடிவிட்டேன். என் போனை அணைத்து வைத்திருக்கிறேன்.

நைனா